கடல் வற்றிய உலகில் எல்ஃப்களும் கிளெரிக்குகளும்

உங்கள் கேள்வியைச் சுருக்கி என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். கடல் வற்றி 200 ஆண்டுகள் கழிந்த, தெய்வங்கள் பதில் சொல்வதை நிறுத்திவிட்ட ஓர் உலகத்தை நீங்களே உருவாக்கியிருக்கிறீர்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, பாத்திரங்களாகக் கதை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து அதில் நான்கு பேரை ஆடவைக்கப் போகிறீர்கள். ஒருவர் எல்ஃப் (நெடுங்காலம் வாழும் இனம்) விசார்ட் (புத்தகத்தில் மந்திரம் கற்றவர்), ஒருவர் கிளெரிக் (தெய்வ ஆற்றலால் மந்திரம் செய்பவர்), ஒருவர் டுவார்ஃப் (குள்ளமான மலைவாழ் இனம்) ஃபைட்டர் (போர்வீரர்) கேட்டிருக்கிறார்கள். நான்காமவர் சிறகுள்ள ஏதாவது ஓர் இனம் வேண்டும் என்கிறார். புத்தகத்தில் உள்ள எல்லா இனங்களையும் கிளாஸ்களையும் (பாத்திரங்களின் தொழில் வகைகளையும்) அனுமதிப்பதா, பெயரை மட்டும் மாற்றினால் போதுமா, விதிகளில் கை வைத்தால் சமநிலை கெட்டுவிடுமா என்று கேட்கிறீர்கள். இவை மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: இன்னொருவருடைய உலகத்துக்காக எழுதப்பட்ட பாத்திரங்களை, அந்த மண் ஒட்டாமல், உங்கள் உலகத்தில் பிறந்தவர்களாக எப்படி ஆக்குவது?

பதிலுக்குமுன் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொந்த உலகங்களில் ஆட்டம் நடத்தி வருகிறேன். பெரும்பாலும் ஐந்தாம் பதிப்பில், பெரும்பாலும் பத்தாம் லெவலுக்குள், அதாவது பாத்திரம் வளரும் படிகளில் முதல் பத்துக்குள். கீழே வரும் எண்கள் அந்தப் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தைச் சார்ந்தவை. 2024இல் மாறியவற்றைத் தேவையான இடத்தில் குறிப்பிடுகிறேன். கிளாஸ் என்ற சொல்லை அப்படியே பயன்படுத்துகிறேன், ஏனெனில் வகுப்பு என்றால் தமிழில் பள்ளியறையும் சமூகப் பிரிவும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

முதலில், புத்தகத்தில் இருக்கும் பட்டியல் மாற்றக்கூடாத ஒன்று என்ற தயக்கத்தை விட்டுவிடலாம். 1974இல் இந்த ஆட்டம் வெளிவந்தபோது போர்வீரர், மந்திரவாதி, கிளெரிக் என்று மூன்றே கிளாஸ்கள் இருந்தன. திருடர் 1975இல் வந்த துணைநூலில்தான் சேர்ந்தார். 1981இன் அடிப்படைத் தொகுப்பில் எல்ஃப் என்பதே ஒரு கிளாஸ். எல்ஃபாகப் பிறந்துவிட்டால் வாளும் மந்திரமும் தெரிந்தவர் என்று பொருள், அதற்குமேல் தேர்வு கிடையாது. 2024இல் இனத்தைக் குறித்த ரேஸ் என்ற சொல்லையே எடுத்துவிட்டு ஸ்பீஷீஸ் என்று வைத்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக மாறிக்கொண்டே வந்த ஒரு பட்டியலை நீங்களும் உங்கள் மேசைக்காக மாற்றுகிறீர்கள். அதில் தவறொன்றும் இல்லை. எதை மாற்றினால் எது அசையும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இனங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் இனத்தின் கீழும் எழுதியிருக்கும் திறன்களை உடலோடு பிறந்தவை, வளர்ப்பால் வந்தவை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். டுவார்ஃபின் இருட்டுப் பார்வையும் நஞ்சைத் தாங்கும் தன்மையும் உடலோடு பிறந்தவை. போர்க்கோடரி, சம்மட்டி முதலியவற்றில் இருக்கும் பயிற்சி வளர்ப்பால் வந்தது. எந்தக் குழந்தையும் கோடரி வீசத் தெரிந்து பிறப்பதில்லை. 2014ஆம் ஆண்டுப் புத்தகம் இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து வைத்ததால்தான் எல்லா டுவார்ஃப்களும் ஒரே மலையில் ஒரே உலைக்களத்தில் வளர்ந்தவர்களைப்போலத் தோன்றினார்கள். பிரித்துவிட்டால், உடல் சார்ந்ததை அப்படியே வைத்துக்கொண்டு வளர்ப்பு சார்ந்ததை ஊருக்கு ஊர் மாற்றலாம். உங்கள் உலகில் டுவார்ஃப்கள் வற்றிய கடலின் அடியில் உப்பு வெட்டுபவர்களாக இருந்தால், கோடரிக்குப் பதில் கடப்பாரையும் கொக்கியும் அவர்கள் கைக்குப் பழகிய ஆயுதங்களாகட்டும். சேத அளவை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றினால் சமநிலையில் எந்த மாற்றமும் வராது. பாறையைப் பார்த்ததும் அதன் வரலாற்றை உணரும் திறன், உப்புப் படிவத்தைப் பார்த்து அந்த இடத்தில் நீர் எத்தனை ஆழம் நின்றது என்று சொல்லும் திறனாக மாறும். ஆற்றல் மதிப்பெண்களுக்கான (வலிமை, அறிவு போன்றவற்றுக்கான) கூடுதல் எண்களையும் இனத்திலிருந்து தாராளமாகப் பிரிக்கலாம். 2020இல் வந்த துணைநூல் அவற்றை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது, 2024இல் அவை இனத்தைவிட்டே நீங்கிப் பாத்திரத்தின் பின்புலத்துக்குப் போய்விட்டன. நஞ்சைத் தாங்கும் தன்மையை மட்டும் யோசிக்காமல் நீக்கிவிடாதீர்கள், அது போரில் உண்மையாகவே கணக்கில் வரும் ஒன்று.

ஆனால் இனங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் ஆயுளைப் பற்றித்தான் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பேரரசு 150 ஆண்டுகளுக்குமுன் ஏன் அழிந்தது என்பதே யாருக்கும் தெரியாத புதிர் என்று வைத்து ஓர் உலகத்தை அமைத்திருந்தேன். முதல் நாளே, 300 வயது எல்ஃபை எடுத்துக்கொண்ட ஆட்டக்காரர், "அப்போது நான் பிறந்து 150 வருடம் ஆகியிருக்குமே, எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தொலைதூரக் காட்டில் இருந்தீர்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவரும் தலையசைத்தார். ஆனால் அந்தப் புதிரின் உயிர் அன்றே போய்விட்டது, ஏனெனில் போய்க் கேட்டால் சொல்லக்கூடிய எல்ஃப் எங்கோ ஒருவர் இருக்கத்தான் வேண்டும் என்பது மேசையில் இருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அதற்குப்பிறகு எந்த உலகத்தை எழுதினாலும், காலக்கோட்டின் பக்கத்திலேயே ஆயுட்காலங்களை எழுதி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

உங்கள் உலகில் இது குறையாக நில்லாமல் பெரும் வளமாக மாறும். புத்தகத்தின்படி எல்ஃப் 750 ஆண்டுகள் வரையும் டுவார்ஃப் சுமார் 350 ஆண்டுகளும் வாழ்வார்கள். ஹாஃப்லிங் என்ற சிற்றுருவ இனத்தவர் 150ஐ ஒட்டி முடிந்துவிடுவார். மனிதர் நூறைத் தொடுவதில்லை. கடல் வற்றி 200 ஆண்டுகள் என்றால், மனிதருக்குக் கடல் என்பது எட்டுத் தலைமுறைக்கு முந்தைய கதை. இருந்ததா என்றே சந்தேகப்படுபவர்கள் இருப்பார்கள். ஹாஃப்லிங்குக்கு அது தாத்தா சொன்ன கதை. டுவார்ஃப்களில் 200 வயதைத் தாண்டியவர்கள் அதன் கரையில் நின்றிருப்பார்கள். எல்ஃப்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதில் நீந்தியவர்கள். அவர்கள் நூறு வயதை ஒட்டித்தான் பெரியவர்களாகக் கருதப்படுகிறார்கள் என்பதால், 120 வயது எல்ஃப் கடலைப் பார்க்காத முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய பெற்றோர் பேசுவதையெல்லாம் கேட்டுச் சலித்தவர். எனவே உங்கள் விசார்டிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவர் வயது 120ஆ 300ஆ என்பதே. எல்ஃப் தூங்குவதற்குப் பதில் நான்கு மணிநேரம் தியான நிலையில் இருப்பார் என்பது விதி; உங்கள் மூத்த எல்ஃப்களுக்கு அந்த நான்கு மணிநேரமும் அலையோசை கேட்கிறது என்று வைத்துப் பாருங்கள். ஒரு விதியைக்கூடத் தொடவில்லை, ஆனால் அந்த எல்ஃப் இனி வேறெந்த உலகத்துக்கும் உரியவர் இல்லை.

கிளாஸ்களில் இதே வேலையை வேறு வழியில் செய்ய வேண்டும். ஒரு கிளாஸ் என்பது ஒரு தொழில், தொழில் என்றால் அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர், கருவிகள் சில, அதற்குக் கூலி கொடுப்பவர் ஒருவர், அதைக் கண்டு அஞ்சுபவர் ஒருவர் என்று ஒரு சூழல் இருந்தாக வேண்டும். விசார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல்நிலை மந்திரங்கள் எழுதிய ஒரு புத்தகத்தோடு அவர் தொடங்குகிறார் (நிலை என்பது மந்திரத்தின் படி, பாத்திரத்தின் லெவல் வேறு). புதிதாக ஒரு மந்திரத்தைப் படியெடுக்க அதன் நிலை ஒவ்வொன்றுக்கும் 50 பொற்காசும் இரண்டு மணிநேரமும் ஆகும், அந்தக் காசு மைக்கும் பொருள்களுக்கும் போகிறது. மரமே அரிதான உங்கள் உலகில் இந்தப் புத்தகம் எதனால் ஆனது? சிப்பி ஓட்டுத் தகடுகளாக இருக்கலாம். மை எங்கிருந்து வருகிறது? உப்புக்குள் புதைந்து காய்ந்துபோன கணவாய்களின் மைப்பையை வெட்டியெடுத்து விற்பவர்கள் இருக்கலாம். அதை வெட்டுபவர்கள் டுவார்ஃப்கள் என்றால், உங்கள் மேசையில் இருக்கும் இரண்டு பாத்திரங்களுக்கும் ஆட்டம் தொடங்குமுன்பே கொடுக்கல்வாங்கல் ஏற்பட்டுவிட்டது. 50 பொற்காசு 50 பொற்காசாகவே இருக்கிறது. நான் விதியை மாற்றுவதைவிட விதி எழுப்பும் கேள்விக்கு உலகத்திடம் பதில் தேடுவதையே எப்போதும் முதலில் முயல்கிறேன்.

கிளெரிக் உங்களுக்கு மிகவும் சிக்கலாகத் தோன்றுவது இயல்பு, தெய்வங்கள் மௌனமாகிவிட்டபின் அவருடைய ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இருப்பதால். இதில் முன்னோடிகள் உண்டு. இதே ஆட்டத்துக்காக 1991இல் வந்த டார்க் சன் உலகில் தெய்வங்களே இல்லை. அங்கே கிளெரிக்குகள் நெருப்பு, நீர் போன்ற மூலங்களிலிருந்து ஆற்றல் பெறுகிறார்கள். 2004இல் வந்த எபெரான் உலகில் தெய்வங்கள் இருக்கின்றனவா என்பதை யாராலும் நிறுவ முடியாது. நம்பிக்கையே கிளெரிக்கின் ஆற்றலைத் தாங்கி நிற்கிறது. இரண்டும் நன்றாகவே ஆடப்படுகின்றன. ஆட்ட விதிகளைப் பொறுத்தவரை கிளெரிக்கின் மந்திரங்களில் மிகப் பெரும்பாலானவை தெய்வம் பேசுவதை எதிர்பார்ப்பதில்லை. காயம் ஆற்றுவதும் கேடயம் நிறுத்துவதும் ஆற்றல் எங்கிருந்து வந்தாலும் அதே வேலையைத்தான் செய்யும். பெரிதும் முட்டுவது மூன்று இடங்களில்: தெய்வத்திடம் கேள்வி கேட்கும் டிவினேஷன், கம்யூன் ஆகிய மந்திரங்கள், பத்தாம் லெவலில் வரும் தெய்வத் தலையீடு. இவை கிடைக்கத் தொடங்குவது ஏழாம் லெவலில்தான் என்பதால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் பதில் சொல்வது யார் என்பதை இப்போதே முடிவு செய்து உறையில் போட்டு வைத்துவிடுங்கள். கடலில் மூழ்கி இறந்தவர்களா, கடலே விட்டுச்சென்ற ஏதோ ஒன்றா, தெய்வத்தின் குரலில் பேசும் வேறொன்றா என்பது உங்கள் கதையின் முதுகெலும்பாகக்கூட ஆகலாம். பாலடின் என்ற புனித வீரரைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்தாம் பதிப்பில் அவருடைய ஆற்றல் தெய்வத்தைவிட அவர் எடுத்த சபதத்தையே நம்பியிருக்கிறது.

கிளெரிக்கில் நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் உலகத்தையே குலைக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அது தண்ணீர். முதல் லெவல் கிளெரிக்குக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல்நிலை ஸ்லாட்டுகள், அதாவது மந்திரம் செய்யும் வாய்ப்புகள், உண்டு. நீரை உண்டாக்கும் முதல்நிலை மந்திரம் ஒவ்வொரு முறையும் 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் தரும். வெயில் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 கேலன் வேண்டும் என்பது பயண விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நேற்றுப் பயிற்சி முடித்த ஒரு கிளெரிக் தினமும் பத்துப் பேரின் தாகத்தைத் தீர்க்கிறார். ஐந்தாம் லெவலில் உணவும் நீரும் தரும் மந்திரம் வந்துவிட்டால், ஒரே ஸ்லாட்டில் பதினைந்து பேருக்கு ஒரு நாள் ஓடிவிடும். இயற்கையிலிருந்து ஆற்றல் பெறும் டுரூயிட் வந்தால் அவரிடமும் அந்த நீர் மந்திரம் உண்டு. கூடவே குட்பெரி என்ற மந்திரப் பழங்களால் ஒரு முறைக்குப் பத்துப் பேருக்கு ஒரு நாள் ஊட்டம் கொடுப்பார். அந்த ஊட்டத்தில் நீரும் அடங்குமா என்பதை இரு விதமாகவும் படிக்கலாம். வறண்ட உலகில் அடங்காது என்று வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. எப்படியானாலும், தாகம்தான் உங்கள் உலகின் மையம் என்றால், அந்த மையத்தை ஒரு முதல் லெவல் பாத்திரம் காலைச் சிற்றுண்டிக்குமுன் தீர்த்துவிடுகிறார்.

அந்த மந்திரங்களைத் தடை செய்வது எளிய வழி, ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிட்டால் நேர்மையானதும்கூட. ஆனால் எனக்குப் பிடித்தது வேறொன்று. மந்திரம் நீரை உண்டாக்குவதில்லை, எங்கிருந்தோ இழுத்து வருகிறது என்று வையுங்கள். குடத்தில் அதே 10 கேலன் நிறையும். இரண்டு நாள் நடைத் தொலைவில் ஒரு கிணறு அந்த அளவுக்குத் தாழும். என் மேசையில் ஒருமுறை இப்படி ஆடினோம். குழு ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது கிணற்றின் உள்சுவரில் ஈரக்கோடுகள் படிப்படியாகக் கீழிறங்கியிருந்தன. ஊர்க்காரர்கள் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நாளைக் குறித்து வைத்திருந்தார்கள். கிளெரிக்காக ஆடியவர் எதுவும் பேசாமல் தன் தாளில் இருந்த பயணக் குறிப்போடு அந்த நாட்களை ஒப்பிட்டார். அன்று முழுவதும் அவர் அந்த மந்திரத்தைத் தொடவில்லை. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: நீர் எங்கிருந்தோ வருகிறது என்பதை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன், எங்கிருந்து என்பதை மட்டும்தான் மறைத்தேன். தன் மந்திரத்தைப் பற்றிப் பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியதை ஆட்டக்காரரிடம் மறைப்பது உலகத்தைச் செறிவாக்காது, நம்பிக்கையைத்தான் கெடுக்கும்.

இறந்தவரை எழுப்பும் மந்திரங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். மூன்றாம்நிலை ரிவிவிஃபைக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், ஐந்தாம்நிலை ரெய்ஸ் டெட்டுக்கு 500. இரண்டிலும் வைரம் அழிந்துவிடும். வைரத்தை எடுத்துவிட்டுக் கடல்முத்து என்று எழுதுங்கள். கடல் இல்லாத உலகில் முத்து இனி விளையப்போவதில்லை, ஆகவே இருப்பதுதான் இருப்பு. இனி எத்தனை பேரை எழுப்ப முடியும் என்பது எண்ணித் தீரக்கூடிய ஒரு தொகையாகிவிடுகிறது, அந்தத் தொகையை யார் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அரசியலாகிவிடுகிறது.

சமநிலையைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். இருபது பக்கப் பகடையில் +1 என்பது நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. ஐந்தாம் பதிப்பில் எண்கள் மெதுவாகவே வளர்வதால், இனத்துக்கு ஒரு +1 கூடுவதாலோ குறைவதாலோ ஆட்டம் கவிழ்ந்துவிடாது. பெயர், தோற்றம், மொழி, பயிற்சி, கருவி எதை மாற்றினாலும் அச்சமில்லை. சேத வகையை மாற்றும்போது கொஞ்சம் கவனம் வேண்டும், நெருப்பை நஞ்சாக மாற்றினால் அது வலுவிழக்கும், ஏனெனில் நஞ்சு பாதிக்காத அரக்க உயிரினங்கள் ஆட்டத்தில் ஏராளம். உண்மையாகவே ஆபத்தானது ஓய்வு முறையை, அதாவது பாத்திரங்கள் செலவிட்ட ஆற்றலை மீட்கும் முறையை, மாற்றுவது. பாலையில் பாதுகாப்பான இடம் அரிது என்பதால் நீண்ட ஓய்வுக்கு ஏழு நாள் ஆகும் என்று வைக்கத் தோன்றும். ஆட்டம் நடத்துபவருக்கான கையேட்டிலேயே அப்படி ஒரு விருப்ப விதி உண்டு, அதில் குறுகிய ஓய்வு எட்டு மணிநேரம். போர்கள் அதற்கேற்பத் தள்ளித் தள்ளி வந்தால் சிக்கலில்லை. ஆனால் நீண்ட ஓய்வை மட்டும் நீட்டிவிட்டுக் குறுகிய ஓய்வை ஒரு மணிநேரமாகவே விட்டால், அதை நம்பியிருக்கும் வார்லாக் என்ற மந்திரவாதியும் ஃபைட்டரும் செழிப்பார்கள், உங்கள் விசார்டும் கிளெரிக்கும் வெறுங்கையோடு நிற்பார்கள்.

சிறகுள்ள இனத்தைக் கேட்டவருக்கு என்ன சொல்வது என்பதில் அனுபவமுள்ளவர்களிடையேகூட ஒருமித்த கருத்து இல்லை, நான் சொல்வதும் ஒரு மேசையின் அனுபவமே. முதல் லெவலில் பறப்பது பள்ளத்தையும் மதிலையும் தரையில் ஊரும் விலங்குகளையும் பொருளற்றவை ஆக்கிவிடும். அதே சமயம், ஒதுங்க ஓர் இடமில்லாத திறந்த வெளியில் உயரே தெரியும் ஒருவர் எல்லா வில்லாளிகளுக்கும் எளிய இலக்கு. உங்கள் உலகம் பெரும்பாலும் சமவெளி என்பதால், குகைகள் நிறைந்த உலகைவிட இங்கே சிக்கல் கூடுதல். நான் அவர் இடத்தில் பாய்ந்து மீனைக் கொத்தும் ஒரு கடற்பறவை இனத்தை வைப்பேன். கொத்துவதற்கு மீனின்றிச் சிறகு சுருங்கிப்போனவர்கள், ஐந்தாம் லெவல்வரை உயரத்திலிருந்து காயமின்றி மிதந்து இறங்க மட்டும் முடியும், அதற்குப்பின் பறக்கலாம். அவர் அதற்கு உடன்படாவிட்டால் வற்புறுத்தாமல் வேறு இனத்தை எடுக்கச் சொல்வேன், அரைமனதோடு ஏற்றுக்கொண்ட பாத்திரம் மூன்றாவது வாரத்தில் மேசையைவிட்டு நழுவிவிடும்.

எல்லா இனங்களையும் அனுமதிப்பதா என்ற கேள்விக்கு என் பதில், நான்கு பேர் எடுத்துக்கொண்ட நான்கை மட்டும் ஆழமாக எழுதுங்கள், மற்றவற்றைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள் என்பதே. டார்க் சன், நோம்கள் என்ற குள்ள இனத்தை அழிந்துபோன இனம் என்றே அறிவித்தது, அந்த இல்லாமையே உலகின் கொடுமையைக் காட்டியது; ஆனால் முதல் நாளே எதை அழித்தோம் என்று நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை. ஐந்தாவதாக ஒருவர் வந்து ஹாஃப்லிங் கேட்டால் அன்று எழுதிக்கொள்ளலாம். இப்போதைக்கு டுவார்ஃபிடம் அவர் வீட்டில் யார் கடலைப் பார்த்தவர் என்றும், கிளெரிக்கிடம் பதில் வராத தெய்வத்திடம் இன்னும் ஏன் வேண்டுகிறார் என்றும், எல்ஃபிடம் வயதையும் கேட்டு அனுப்புங்கள். அவர்கள் கொண்டுவரும் பதிலில் உங்கள் காலக்கோட்டோடு எது முரண்படுகிறதோ அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.